சுவர் சுவிட்சை அணைக்கிறவர்

என் வீட்டுக்காரருக்கு உட்காரத் தெரியாது. நாற்காலியைக் காட்டினால் அதன் விளிம்பில் ஒட்டிக்கொள்வார். அடுத்த நிமிடம் எழுந்து ஜன்னல் பக்கம் போவார். அங்கிருந்து சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, கேஸ் மூடியிருக்கிறதா என்று கேட்பார். மூடியாகிவிட்டது என்று நான் சொல்லச் சொல்லவே உள்ளே வந்து தன் கையால் ஒருமுறை திருகிப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் இதை அக்கறை என்று நினைத்தேன். பிறகு வியாதி என்று நினைத்தேன். இப்போது நினைப்பதையே விட்டுவிட்டேன்.

கேஸாவது பரவாயில்லை. மின்சாரம் என்று வந்துவிட்டால் அவரைப் பிடித்து நிறுத்த ஆள் கிடையாது. அறையைவிட்டு வெளியே வரும்போது விளக்கை அணைப்பது எல்லாரும் செய்வதுதான். இவர் உள்ளே ஆள் இருக்கும்போதே அணைப்பார். குளிக்கப் போனவர்கள் இருட்டில் நின்றுகொண்டு கத்துவது எங்கள் வீட்டில் தினசரி கேட்கிற சத்தம். டீவியை ரிமோட்டில் நிறுத்தினால் அவரைப் பொறுத்தவரை அது நிறுத்தியதே இல்லை. சுவரில் இருக்கிற சுவிட்சை அணைக்க வேண்டும். அணைத்த பிறகு பிளக்கைத் தொட்டு, சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் மகள் ஃபோன் செய்தால், சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால் ஹீட்டரை அணைத்தாயா என்று கேட்பார். தெருவில் அவருக்கு 'மெயின் சுவிட்ச்' என்று பெயர். அவருக்கும் அது தெரியும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு என்று எனக்குச் சந்தேகம்.

இப்படிப்பட்டவரை வேலைக்கு வைத்துக்கொள்வது யாருக்கும் லேசான காரியம் இல்லை. துணிக்கடையில் இருந்தார். வாங்க வந்தவர்கள் நிறம் பார்த்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் எரிந்த விளக்கை அணைத்துவிட்டார். பகல் வெளிச்சத்தில்தான் உண்மையான நிறம் தெரியும் என்பது அவர் கட்சி. தையல் ஆலையில் மேற்பார்வை பார்த்தார். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள்ளேயே வரிசையாக மெஷின்களை நிறுத்திக்கொண்டு போனதில், பாதி தைத்த சட்டையோடு பெண்கள் எல்லாரும் சேர்ந்து முதலாளியிடம் போய் நின்றார்கள். சினிமா தியேட்டரிலும் கொஞ்ச நாள் இருந்தார். அங்கே என்ன நடந்திருக்கும் என்பதை நான் வேறு சொல்ல வேண்டுமா? ஒவ்வொரு முறை வேலை போனபோதும் அவர் வருத்தப்பட்டதைவிட ஆச்சரியப்பட்டதுதான் அதிகம். நல்லதுதானே செய்தேன் என்பார். காதோரம் நரைத்துவிட்டது, இனி யார் இவரைக் கூப்பிடப் போகிறார்கள் என்று நான் கலங்கிப்போயிருந்த சமயத்தில் என் தம்பி கூப்பிட்டான்.

தம்பி ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறான். இரண்டே அறைகள். முன்னறையில் சுவரோரமாக நாற்காலிகள், ஒரு மேஜை, மேஜை மேல் கம்ப்யூட்டரும் பிரிண்டரும், அதற்குப் பின்னால் பெயர் எழுதி ரிப்போர்ட் கொடுக்கிற பெண். பின்னறையில் சோதனை மெஷின்களும் மருந்து வைக்கிற ஃபிரிட்ஜும் தம்பியும். என் வீட்டுக்காரர் விடிந்ததும் போய்த் திறக்க வேண்டும், வருகிறவர்களை வரிசையாக உட்கார வைக்க வேண்டும், ஸ்கூட்டரில் போய் டாக்டர்களிடமிருந்து ரத்தக் குழாய்களை வாங்கி வர வேண்டும், தம்பி சீக்கிரம் கிளம்புகிற நாட்களில் சாயங்காலம் பூட்ட வேண்டும். முதல் நாளே தம்பி அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் ஃபிரிட்ஜின் சுவிட்சைக் காட்டினான். அதன் மேல் தடிமனாக டேப் சுற்றி ஒட்டியிருந்தான். இதை மட்டும் தொட்டுவிடாதீர்கள், மருந்தெல்லாம் பாழாகிவிடும் என்று கெஞ்சினான். அவர் தொடவில்லை. தினமும் பூட்டும்போது அந்தச் சுவிட்சின் முன்னால் சற்று நின்றுவிட்டு வருவதாக என்னிடம் சொன்னார். அது அவருக்கு எவ்வளவு பெரிய தவம் என்பது எனக்குத்தான் தெரியும்.

இதுவும் ஒரு மாதம் ஓடினால் அதிசயம் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். ஆனால் அங்கே அவர் பொருந்திப் போனார். காலையில் அங்கே வருகிறவர்கள் எல்லாரும் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள். சர்க்கரை ஏறியிருக்குமோ, கட்டியாக இருக்குமோ, ஊசி வலிக்குமோ என்று ஆளுக்கொரு பயம். ஒருவருக்கும் உட்கார முடியாது. இவருக்கும் முடியாது. எழுந்து நடக்கிறவர்களோடு இவரும் நடப்பார், வாசல்வரை போய் வருவார், அவர்கள் கதையைக் கேட்பார், தன் கதையைச் சொல்வார். அப்படியே பேச்சு வாக்கில் ஊசி போடுகிற இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவார். மாமா வந்தபிறகு கவுன்ட்டரில் சண்டையே இல்லை என்று தம்பியே சொன்னான். நானும் பிறந்த வீட்டு விசேஷங்களுக்கு முதல் முறையாகத் தலையை நிமிர்த்திக்கொண்டு போனேன். அதுவரை யாராவது, வீட்டுக்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டுவிடுவார்களோ என்று சமையற்கட்டுப் பக்கமே ஒதுங்கி நிற்பேன்.

அந்த நிம்மதிக்குத்தான் கண் பட்டது. ஒருநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டால் வழக்கமான படம் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஏதோ வந்து, ஒரு விசையை அழுத்து என்று காத்துக்கொண்டு நின்றது. மேஜையில் இருந்த பெண் அழுத்தினாள், மெஷின் ஓடியது, அவளும் வழக்கம்போல ரிப்போர்ட்டுகளை அடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். எல்லாவற்றிலும் பல வருஷங்களுக்கு முந்தைய தேதி. ஒருவர் மட்டும் பார்த்துவிட்டு, இந்தத் தேதியில் எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, சர்க்கரை எங்கேயிருந்து வந்தது என்று கேட்டாராம். மற்றவர்கள் பார்க்காமல் வாங்கிப் போய்விட்டார்கள். அவர்களில் ஒரு பெண்மணியின் டாக்டர், இது பழைய ரிப்போர்ட், புதிதாக எடுத்து வா என்று அவரைத் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு அந்த அம்மாவுக்கு மருந்து மாற்றியிருக்க வேண்டும். விஷயம் தெரிந்ததும் டாக்டர் தம்பியை ஃபோனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். இன்னொருமுறை இப்படி நடந்தால் ஒரு ஆளைக்கூட அனுப்ப மாட்டேன் என்றார்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர் வந்து தேதியைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார். கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு காலை, தொடங்கவே மாட்டேன் என்றது. தன் வயிற்றுக்குள் இருக்கிற டிஸ்க்கையே காணோம் என்று எழுத்தில் சொல்லிவிட்டு அப்படியே நின்றது. பசியோடு வந்தவர்கள் வாசல்வரை நிறைந்துவிட்டார்கள். ரிப்பேர்காரர் திரும்பி வந்து, யாரோ உள் அமைப்பையெல்லாம் மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி மறுபடி அமைத்தார். அடுத்த வாரம் திரும்பவும் அதே கதை. தம்பிக்குத் தூக்கம் போயிற்று. உட்கார்ந்து யோசித்திருக்கிறான். யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. அவன் பூட்டிய மறுநாள் மெஷின் சமர்த்தாக எழுந்துகொள்கிறது. மாமா பூட்டிய மறுநாள்தான் படுத்துவிடுகிறது.

அவன் அதை மாமாவிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு, பெண்ணைக் கட்டிய மனிதரிடம் முகத்துக்கு நேராகக் குறை சொல்லக் கூடாது. அதனால் பூசி மெழுகினான். மாமாவுக்கு அலைச்சல் அதிகம், சாயங்காலம் நானே பூட்டிக்கொள்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டான். அதோடு மெஷின் சரியாகிவிட்டது. ஒரு நாள் தவறாமல் எழுந்து ஓடியது. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, மாமா கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டுமே என்று சொன்னான். அவர் எதிரில் சிரித்துக்கொண்டே சொன்னான். அவரும் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

வாசல்வரை போய் அவனை மடக்கினேன். சும்மா மென்று முழுங்காமல் விஷயத்தைச் சொல் என்றேன். அப்போதுதான், மாமா கை பட்டால் மெஷின் படுத்துவிடுகிறது, எதையாவது நோண்டுகிறார், நான் டாக்டர்களுக்குப் பதில் சொல்ல வேண்டாமா என்றான். அவருக்கு அதில் எழுதத் தெரியாது, படம் பார்க்கத் தெரியாது, நிறுத்துவதற்கு மட்டும் எங்கே அமுக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், அவர் என்னத்தை நோண்டப் போகிறார் என்று கத்தினேன். தெரியாதவர்கள் தொட்டால்தான் அக்கா ஆபத்து என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். என்னைவிடச் சின்னவன், நான் தூக்கி வளர்த்தவன். அன்றைக்கு அவன் முதுகில் நாலு போட வேண்டும் போல இருந்தது.

உள்ளே வந்தால் அவர் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கேட்டிருந்தார். தன் இரண்டு கைகளையும் விரித்து ஒருமுறை பார்த்துவிட்டு மாடிப்படிப் பக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு முட்டுகிறது. அவர் ஓய்ந்து உட்காரவில்லை. முன்பைவிட அதிகமாக நடந்தார். கூடத்துக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் மொட்டைமாடிக்கும். ஆனால் எதையும் தொடவில்லை. குளியலறை விளக்கு பகல் முழுக்க எரிந்தது. ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. சுவிட்சுக்குக் கிட்டே போவார், கை பாதி தூரம் எழும்பும், பிறகு அதைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு என்னைக் கூப்பிடுவார். நான் வந்து அணைக்க வேண்டும். எத்தனையோ வருஷமாக இந்த மனிதர் சுவிட்சை விட்டுத் தொலைக்க மாட்டாரா என்று நான் வேண்டாத நாள் இல்லை. விட்டுத் தொலைத்தபோது, திரும்பப் பிடித்துக்கொள்ள மாட்டாரா என்று வேண்ட ஆரம்பித்தேன். ஸ்கூட்டர் சாவியைக்கூட என் கையில் கொடுத்து, பக்கத்து வீட்டுக்காரரை ஓட்டச் சொல் என்றார். தன் கையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று மனிதர் நம்பவே ஆரம்பித்துவிட்டார்.

நானும் உட்காருவதை மறந்தேன். அவர் பின்னாலேயே விளக்கை அணைத்துக்கொண்டு அலைந்தேன். மகள் ஃபோன் செய்தபோது அவர் ஹீட்டரைப் பற்றிக் கேட்கவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று அவள் என்னிடம் கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டியவர்கள் மின்கம்பியை அறுத்துத் தொலைத்தார்கள். எங்கள் பக்கமும் தம்பி கடைப் பக்கமும் மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை. தம்பி இன்வெர்ட்டரை வைத்து எப்படியோ ஓட்டியிருக்கிறான். சாயங்காலம் அதுவும் தீர்ந்துபோனதால் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். மறுநாள் விடியற்காலையில்தான் கரண்ட் வந்தது. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன், ஃபோன் அடித்தது. தம்பி. குரலே சரியில்லை.

"அக்கா, நேத்து சாயங்காலத்துக்கு மேல மாமா வெளிய எங்கயாவது போனாரா?"

ஏன் கேட்கிறாய் என்றேன். மென்று முழுங்கிச் சொன்னான். மெஷின் மறுபடி படுத்துவிட்டதாம். அது மட்டும் இல்லை. மாமா கை வைக்கக் கூடாது என்றுதான் முன்பே ஒருமுறை ரிப்பேர்காரரை வைத்து உள் அமைப்புக்கு ரகசியமாகப் பாஸ்வேர்டு போட்டிருந்தார்களாம். மாமா பூட்டிய மறுநாளே அந்தப் பாஸ்வேர்டு மாயமாகிவிட்டதாம். அப்போதே, மாமா நாம் நினைக்கிற ஆள் இல்லை, எல்லாம் தெரிந்துகொண்டுதான் தெரியாத மாதிரி இருக்கிறார் என்று அவனுக்குத் தோன்றிவிட்டதாம். சாவியை வாங்கிக்கொண்ட பிறகு திரும்பவும் ஒரு பாஸ்வேர்டு போட்டிருக்கிறான். இன்றைக்கு அதுவும் இல்லை. மாமாவிடம் மாற்றுச் சாவி ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டான்.

கையைக்கூடத் துடைக்காமல் கிளம்பினேன். அவர் எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, மளிகைக் கடைக்கு என்று சொன்னேன்.

பரிசோதனைக் கூடத்தின் முன்னறை முழுக்க ஆட்கள். அத்தனை பேருக்கும் நடுவில் நின்று தம்பியைப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு பேர் எதிரில் பேசக் கூடாது என்பதெல்லாம் எனக்கு அப்போது நினைவில் இல்லை. மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டிருந்த ரிப்பேர்காரர் முதலில் தலையே நிமிரவில்லை. குடும்பச் சண்டையில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்திருப்பார். என் புருஷனைத் திருடன் என்கிறாயா என்று கேட்டேன். விளக்கை அணைக்கிறதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு என்ன தெரியும் என்று கேட்டேன். எந்தப் பொருளையும் வெறுமனே நிறுத்தினால் அவருக்குப் போதாது, சுவரில் இருக்கிற சுவிட்சை அணைத்து, பிளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருவார், அதற்காகவே அவரோடு நான் படாத பாடு பட்டிருக்கிறேன், அவரைப் போயா இப்படிச் சொல்கிறாய் என்று அழுகையும் ஆத்திரமுமாகக் கொட்டினேன்.

ரிப்பேர்காரர் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்.

"அக்கா, கம்ப்யூட்டரை நிறுத்தினப்புறம் அதோட சுவர் சுவிட்சையும் அணைப்பாரா?"

"அணைக்காம எந்த நாள் வந்திருக்காரு," என்றேன்.

தம்பி, அதை நான் பார்த்ததே இல்லையே என்றான். எப்படிப் பார்ப்பான்? அணைத்தவரேதான் விடிந்ததும் வந்து எல்லாவற்றையும் போட்டு வைக்கிறவர். தம்பியும் அந்தப் பெண்ணும் வருவதற்குள் எல்லாச் சுவிட்சும் போட்டிருக்கும். தம்பி பூட்டுகிற நாட்களில் கம்ப்யூட்டரை மட்டும் நிறுத்திவிட்டு ஷட்டரை இழுத்துவிட்டுப் போவான். சுவர் சுவிட்ச் அப்படியே இருக்கும்.

ரிப்பேர்காரர் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே பச்சையாக ஒரு பலகை. அதைத்தான் மதர்போர்டு என்கிறார்கள். அதன் ஒரு மூலையில் சட்டைப் பொத்தான் மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி பதிந்திருந்தது. அதை நெம்பி எடுத்து ஒரு மீட்டரில் வைத்துப் பார்த்தார். செத்துக் கிடக்கிறது என்றார். இன்றைக்கு நேற்று செத்தது இல்லையாம். தேதி என்ன, எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்க வேண்டும், பாஸ்வேர்டு என்ன, இதையெல்லாம் மெஷின் தூங்கும்போது மறக்காமல் வைத்திருப்பது இந்தச் சின்னப் பேட்டரிதானாம். சுவர் சுவிட்ச் போட்டிருந்தால், மெஷினை நிறுத்தின பிறகும் உள்ளே துளி மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அதை வைத்தே மெஷின் சமாளித்துக்கொள்ளும், பேட்டரி செத்தது வெளியே தெரியாது. சுவர் சுவிட்சை அணைத்தால் பேட்டரியை நம்பித்தான் அது இருக்க வேண்டும். பேட்டரி இல்லை, அதனால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. போட்ட பாஸ்வேர்டையும் சேர்த்து. நேற்று இன்வெர்ட்டர் தீர்ந்து மொத்தக் கடையிலும் கரண்ட் போனதால் அதேதான் நடந்திருக்கிறது.

இதை முதல் தடவையே பார்த்திருக்க வேண்டியதுதானே என்று நான் எரிந்து விழுந்தேன். அவர் தலையைச் சொறிந்தார். யாரோ நோண்டுகிறார்கள், வீட்டு ஆள், கேட்க முடியாது என்று சொல்லித்தானே என்னைக் கூப்பிட்டார்கள், நானும் அதையே நம்பிவிட்டேன் என்றார். அவரைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? தன் பையில் சாமான்களோடு கிடந்த புதுப் பேட்டரி ஒன்றை எடுத்துப் போட்டார். தேதியை வைத்தார். வேண்டுமென்றே சுவர் சுவிட்சை அணைத்து, சற்றுப் பொறுத்துப் போட்டார். மெஷின் எந்த முரண்டும் பண்ணாமல் எழுந்து சரியான தேதியைக் காட்டியது. காத்திருந்தவர்களில் யாரோ கைதட்டினார்கள். அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

தம்பி முகம் சுண்டிப்போயிருந்தது. சாயங்காலம் வந்து மாமாவிடம் சொல்கிறேன் என்றான். சாயங்காலம் எதற்கு, இப்போதே வா என்றேன். வழியில் ஒன்றே ஒன்றுதான் அவனிடம் சொன்னேன். பேட்டரி விஷயத்தை எப்படி வேண்டுமானாலும் சொல், அந்தப் பாஸ்வேர்டு போட்டதை மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே. சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றான்.

அவர் கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். தம்பி அந்தச் செத்த பேட்டரியை அவர் உள்ளங்கையில் வைத்து, இதுதான் மாமா எல்லாவற்றுக்கும் காரணம், உங்கள் கையில் ஒன்றும் இல்லை என்றான். முழுக் கதையையும் சொன்னான். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவூண்டு சாமானா என்று கேட்டுச் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. தம்பிக்கும் வந்திருக்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தில் அவனுக்கு வாய் நிற்கவில்லை. கூத்தைக் கேளுங்கள் மாமா, நாங்கள் போட்ட பாஸ்வேர்டைக்கூட இது சாப்பிட்டிருக்கிறது, நீங்கள்தான் உடைத்துவிட்டீர்கள் என்று பயந்துபோனோம் என்று சொல்லிச் சிரித்தான். பாதிச் சிரிப்பில் என் முகத்தைப் பார்த்தான்.

அவர் நின்றுவிட்டார். நடந்துகொண்டிருந்த மனிதர் அப்படியே நின்றுவிட்டார்.

"நான் தொடக்கூடாதுன்னு பூட்டு போட்டீங்களா?" என்றார். "அதை நான் திருட்டுத்தனமா உடைச்சேன்னு நெனச்சியா மாப்ள?"

தம்பி தரையைப் பார்த்தான்.

அவர் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். விளிம்பில் இல்லை, நன்றாக முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். எனக்குப் பயமாக இருந்தது. கோபித்துக்கொண்டு கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. பூட்டறப்ப என்னென்ன பண்ணுவீங்க மாமான்னு கேட்டிருந்தா, ஒண்ணு விடாம சொல்லியிருப்பேனே. நான் சொல்லாம இருக்கற ஆளா?"

சொல்லாமல் இருக்கிற ஆளே இல்லை. எதை அணைத்தேன், எதை மூடினேன் என்று கேட்காதவர்களுக்கே சொல்கிறவர். அந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் முதல் வாரத்திலேயே எல்லாம் தீர்ந்திருக்கும். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். சாவிக்கொத்தை எடுத்து அவர் பக்கம் நீட்டி, நாளையிலிருந்து நீங்களே பூட்டுங்கள் மாமா, எந்தச் சுவிட்சை வேண்டுமானாலும் அணையுங்கள் என்றான்.

அவர் கை நீட்டவில்லை. "காலைல வர்றேன். ஜனங்க வெறும் வயித்தோட நிப்பாங்க. சாவி மட்டும் உன்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு வேற எதாவது கெட்டுப்போச்சுன்னா எல்லாரும் முதல்ல என் கையத்தான் பாப்பீங்க."

தம்பி எவ்வளவோ கெஞ்சினான். நானும் சொல்லிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. கடைசியில், நானே பூட்டுகிறேன், உங்களைப் போலவே, ஃபிரிட்ஜை மட்டும் விட்டுவிட்டு, சுவர் சுவிட்ச் ஒன்று விடாமல் அணைத்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்று தம்பி சொன்னான். அதற்கு மட்டும் தலையாட்டினார்.

மறுநாள் விடியற்காலை அவர் வேலைக்குப் போனார். தம்பி முன்னாடியே வந்து திறந்து வைத்திருந்தானாம். பழைய ஆட்கள் சிலர் அவரைப் பார்த்ததும் எழுந்து வந்து, எங்கே போய்விட்டீர்கள் என்று கேட்டார்களாம். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாராம். வீட்டுக்குத் திரும்பி வந்தபோது குளியலறையில் நான் இருக்கும்போதே விளக்கை அணைத்தார். நான் கத்தினேன். வேண்டுமென்றே வழக்கத்தைவிடச் சத்தமாகக் கத்தினேன்.

கடை பூட்டுகிற நேரம் நெருங்க நெருங்க அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக அலைந்தார். சட்டை மாட்டினார். செருப்பைப் போட்டுக்கொண்டார். எனக்குத் தெரிந்துபோயிற்று. எப்போதும் செய்வதுதான். யார் என்ன சொன்னாலும் நேரில் போய்த் தொட்டுப் பார்த்தால்தான் இந்த மனிதருக்கு அடங்கும். தம்பியின் கடை நடக்கிற தூரம்தான். ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? போய்விட்டு வரட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வாசற்படியில் நின்றுகொண்டு ஃபோனை எடுத்தார்.

"மாப்ள, சுவர் சுவிட்சை எல்லாம் அணைச்சிட்டியா?"

அந்தப் பக்கம் தம்பி ஏதோ சொன்னான். இவர் சரி என்றார். ஃபோனைப் பைக்குள் போட்டார். பிறகும் வெகுநேரம் தெருவைப் பார்த்தபடியே நின்றார். ஒரு படி இறங்கினார், ஏறினார். உள்ளே கிடந்து தவிக்கிறார் என்பது அவர் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. அப்புறம் குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"போய்ப் பாக்கலையா?" என்று கேட்டேன்.

"கேட்டேன். அணைச்சாச்சுன்னு சொல்லிட்டான்ல," என்றார்.